ஞாயிறு ஐந்து, புதன் இரண்டு

தராசு பழுது பார்க்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு சோதனை வந்திருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாக அக்கம்பக்கத்துக் கடைத் தராசுகளையெல்லாம் பிரித்து மேய்ந்தவர். முள் மயிரிழை சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த ரத்தத்தின் அளவு மட்டும் பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் அவர் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாத்திரை குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். எது நடந்தாலும் ஆள் காலி. அதனால்தான் விரலில் குத்தி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவைப் பார்ப்பது. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நின்றால் நல்லது. ஏறினால் ரத்தம் மிஞ்சி இளகிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு காலை, புதிதாக வாங்கிய வீட்டு மெஷினில் பார்ப்பார். அடுத்து வரும் புதன்கிழமை கிளினிக். முதல் தடவை வீட்டில் 3.9, கிளினிக்கில் 2.4. டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த தடவை வீட்டில் 4.4, கிளினிக்கில் 2.2. இன்னும் கூட்டினார். இந்த ஞாயிறு வீட்டில் 5.1.

"தராசு பிசகினா ஒரே அளவா பிசகணும்ல? கிலோவுக்கு அம்பது கிராம்னா எப்பவும் அம்பது கிராம். இது என்னடான்னா தடவைக்குத் தடவை தள்ளிக்கிட்டே போகுது," என்று மனைவியிடம் புலம்பினார்.

"டாக்டர்கிட்ட வீட்டு நம்பரைச் சொல்லித் தொலைங்களேன்."

"இந்தப் பொம்மை மெஷினைக் காட்டி நான் மானம் கெடணுமா? கோளாறு எங்கன்னு நானே கண்டுபிடிக்கறேன்."

கண்டுபிடித்தார், கிழித்தார். விரலை மாற்றிக் குத்திப் பார்த்தார். கையை வெந்நீரில் முக்கிவிட்டுக் குத்தினார். மேஜை கோணலாக இருக்குமோ என்று ரசமட்டம் வைத்துக்கூடப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் தொழில் புத்தி வேலை செய்தது. இரண்டு தராசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கல்லைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. புதன்கிழமை மெஷினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு கிளினிக்குக் கிளம்பினார்.

நர்ஸ் கிளினிக் மெஷினில் பார்த்தாள். 2.2. அதே நிமிஷம் இவர் பக்கத்து விரலில் குத்தித் தன் மெஷினில் பார்த்தார். 2.1.

மனுஷனுக்குத் தலை சுற்றியது. மெஷின் சரி என்றால் மூன்று நாளைக்கு முன்னால் ஐந்தாக இருந்த ரத்தம் எங்கே போயிற்று?

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எவ்வளவு கூட்டினாலும் ஏறவே மாட்டேங்குதே. சரி, இன்னும் அரை மாத்திரை கூட்டலாம்." பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் மனைவி. "இதுக்கு மேல ஏத்தாதீங்க. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாளும் நான் அந்த மாத்திரையை இவருக்குத் தரவே இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டதும் ஐந்தாறு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டுவாள், இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வார். ஒரு நாள்கூட எண்ணிப் பார்த்ததில்லை.

"மூணு தடவையும் அப்படித்தான் பண்ணேன். வீட்டு மெஷின் நாலு, அஞ்சுன்னு ஏறிக் காட்டினதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவரு மெஷின்தான் கோளாறுங்கறாரு. கோளாறு இல்லேன்னா? கசிஞ்சு கடையிலேயே விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க நிறுத்தினதும் இறங்குது. இறங்கிடுச்சேன்னு நான் கூட்டறேன். நான் கூட்டினதால மறுபடி ஏறுது. ரெண்டு மெஷினும் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கு. சரிம்மா, அந்த மூணு நாள்ல வால்வு அடைச்சிருந்தா?"

"தெரியாது டாக்டர். ஒண்ணும் தெரியாமத்தான் பண்ணேன்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் என்றுதான் புரியவில்லை. ஒரு மாதமாக இவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாளா, சாகவிடப் பார்த்தாளா? இரண்டும் சரியாக இருந்தது.

"அஞ்சு காட்டின அன்னிக்கே நீங்க ஏன் எனக்குப் போன் பண்ணல?" டாக்டரம்மா இப்போது அவரைக் கேட்டார்.

மெஷினில் கோளாறு என்று நினைத்ததாகச் சொல்ல வாயைத் திறந்தார். மேஜை மேல் இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"பயந்துட்டாரு டாக்டர். அது கோளாறா இருக்கணும்னுதான் இத்தனை நாளா வேண்டிக்கிட்டு இருந்தாரு."