காஞ்சிருக்கு

காலையில் மலைமுகட்டிலிருந்து வாக்கிடாக்கியில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். "காஞ்சிருக்குண்ணே."

சொன்னவன் நெட்டையன். விடிந்ததும் முகட்டுப் பாதை முழுக்க நடந்து பார்த்துவிட்டு மலை நிலவரம் சொல்வது அவன் வேலை. அதைக் கேட்டு அடிவாரத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதுவது நுழைவுக் காவலரின் வேலை. நெட்டையன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கேட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பான். முந்தின சாயங்காலம் லேசாகத் தூறியிருந்தது. நனைந்த பாறையில் வழுக்கி ஒருவர் இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து காவலருக்கு வழுக்கலைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார். ‘பாதை காய்ந்துள்ளது, நடக்க ஏற்றது’ என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்.

அன்றைக்கு ஏற வந்தது அவருடைய அக்கா ஒருத்திதான். அந்த வெயிலில் வேறு யாருக்குப் பைத்தியம்? தம்பி வேலை பார்க்கிற மலையை ஒருநாளாவது நடந்து பார்க்காமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று முதல்நாளே வந்து தங்கியிருந்தாள். பையில் மூன்று தண்ணீர் பாட்டில்கள்.

"எதுக்குக்கா கல்லு மாதிரி இதைச் சுமக்கிற? பாதி வழியில ஊத்து இருக்கு. ஐஸ் தோத்துடும்."

இரண்டு பாட்டிலை அவரே எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்கா சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

உச்சிவெயில் தாண்டி, குறுக்கு வழியாக இறங்கி வந்த நெட்டையன் காலி கேனைத் திண்டில் போட்டான். "நாளையிலேருந்து மேல தண்ணி ஏத்தணும்ணே."

"எதுக்கு? ஊத்து இருக்கே."

"அதான் காலையிலயே சொன்னேனே, காஞ்சிருக்குன்னு. நீங்க நல்லதாப் போச்சுன்னீங்க. என்ன மனுஷன்டா இவர்னு நெனச்சேன்."

காவலர் திரும்பி மேஜையைப் பார்த்தார். பாதையா, ஊற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது.

மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டிலையும் அள்ளிக்கொண்டு ஓடினார். நெட்டையன் ஸ்ட்ரெச்சரோடு பின்னால் வந்தான். முகட்டில் ஒண்ட ஒரு மரம் இல்லை. பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது. எவ்வளவு ஓடினாலும் வழுக்கவே இல்லை, அவ்வளவு நல்ல பாதை. அந்த நல்ல பாதையை அவர் வாய்விட்டுத் திட்டினார்.

அக்கா ஊற்றடியில் கிடந்தாள். வெடித்துப்போன சேற்றைத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். பத்து நகத்திலும் மண். உடம்பு அனலாய்க் கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தலையில் ஊற்றினார், கழுத்தில் ஊற்றினார். உதட்டில் விட்ட தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. ஒருதரம் கண் திறந்தாள், அவரைத் தெரிந்த மாதிரி இல்லை. அவர் மடியிலேயே மூச்சு நின்றது. "அக்கா, எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நெட்டையன்தான் கையைப் பிடித்து விலக்கினான்.

பொழுது சாயக் கீழே கொண்டுவந்து, அறையில் பெஞ்சில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டார்கள். அப்போதுதான் மேஜையிலிருந்த போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர்.

"என்னப்பா, உங்க அக்கா செல்லு காலையிலேருந்து போகவே இல்லை. எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டா அத்தான்."

"அப்பாடா. சொன்ன பேச்சு கேட்டாளா? ஆயுசுல யார் பேச்சையும் கேட்டதில்லை அவ."

காவலர் பெஞ்சைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே மண் படிந்த கை தெரிந்தது.

"கேட்டா அத்தான்," என்றார். "நான் சொன்னத அப்படியே கேட்டா."