பெட்டியோடு போகும் உரிமம்

தம்பியைப் பிரேக்கு வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்பவர் யோசிப்பதற்குள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டு வாய் ஓயாமல் திட்டுவான். திட்டு வாங்கியவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளையும் அவனிடம் அனுப்பிவைத்தார்கள். நாற்பத்தொரு வயதில் ஒருநாள் அவன் கால் பிரேக்கில் நிற்காமல் வழுக்கியது. நரம்பு நோய். கை, கால், பிறகு நாக்கு என்று ஒவ்வொன்றாக அடங்கும், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம் என்று டாக்டர் அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அவனுக்கு அக்காவை விட்டால் ஆள் இல்லை. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். நாக்கு குழறுவதற்குள் தம்பியின் குரலைச் சேமித்துவிடலாம் என்று கேள்விப்பட்டு, ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தாள். ஒரு மாதம் தினமும் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு வாக்கியங்களை அவன் வாசித்தான். நடுநடுவே தன் வசவுகளையும் நுழைத்துவிட்டுச் சிரித்தான். திரையில் எழுத்துகளைக் கண்ணால் தொட்டால் கம்ப்யூட்டர் அவன் குரலிலேயே பேசும்.

அதற்கான கம்ப்யூட்டர் வாங்க அக்கா மட்டும் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டத்துக்கு எந்த லைசென்ஸ் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு விதம் இருக்குக்கா. ஒண்ணு இந்தப் பெட்டியோட ஒட்டினது. பெட்டி போச்சுன்னா அதுவும் போச்சு. குரல் புரோகிராமும் அதோட சேர்ந்துதான். இன்னொண்ணு ஆளோட வரும், வேற பெட்டிக்கு மாத்திக்கலாம். விலைதான் கொஞ்சம் கூட."

பெட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்று அவள் கேட்டாள். நாலு வருஷத்துக்குக் கவலையே இல்லை என்றார். நான்கிலிருந்து இரண்டைக் கழிக்க அவளுக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. பெட்டியோடு ஒட்டியதே போதும், அவ்வளவு நாள் தேவைப்படாது என்றாள். வீட்டுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

டாக்டர் சொன்னது பலிக்கவில்லை. மூச்சுக்கு ஒரு குழாய், சாப்பாட்டுக்கு ஒரு குழாய் என்று ஐந்து வருஷம் தாண்டினான் தம்பி. கண் மட்டும் அசைந்தது. ஆனால் வீட்டில் வாத்தியார் குரல் ஓயவில்லை. அவள் சக்கர நாற்காலியைத் திருப்பினால், "கண்ணாடியப் பாத்துத் திருப்புக்கா" என்பான்.

ஆறாவது வருஷத்தில் ஒரு காலை கம்ப்யூட்டரிலிருந்து கருகிய வாடை வந்தது. கடைக்காரர் வீட்டுக்கே வந்து திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் போர்டு எரிந்துவிட்டது என்றார். வேறு போர்டு போட்டால் சிஸ்டம் அதைப் புதுப் பெட்டி என்றே எடுத்துக்கொள்ளும். பழைய லைசென்ஸ் செல்லாது. பூட்டிக் கிடக்கும் குரலும் திறக்காது. வேறு வழியே இல்லையா என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

"அன்னைக்கே சொன்னேனேக்கா, ஆளோட வர்றதும் இருக்குன்னு. அவ்வளவு நாள் தேவைப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

கட்டில் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் கண் அவள்மேல் நிலைகுத்தி நின்றது.

கடைக்காரர் போனபிறகு, கம்ப்யூட்டர் ஓடாத நேரத்துக்கென்று வைத்திருந்த எழுத்துப் பலகையை எடுத்துப் பிடித்தாள். அவன் கண் போன இடத்தையெல்லாம் விரலால் தொட்டுக் கூட்டி வாசித்தாள். நான் எத்தனை வருஷம் இருப்பேன் என்று நினைத்தாய் என்று கேட்டிருந்தான்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"ரெண்டுடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, மூடத்தான் முடியும்.

குரல் செய்து தந்த நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினாள். குரல் தயாரானதுமே மூலப் பதிவுகளை அழித்துவிட்டதாகவும், லைசென்ஸ் நிபந்தனையில் எல்லாம் இருப்பதாகவும், கீழே அவள் கையெழுத்து இருப்பதாகவும் பதில் வந்தது. தேடிப் பார்த்தாள். இருந்தது. இரண்டு தடவை சரிபார்த்துத்தான் போட்டிருந்தாள்.

புதுக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் வாங்கும்போது அவனைக் கேட்டாள். பெட்டியோடு போவதே போதும் என்று பலகையில் காட்டினான். அவள் அதற்கு இணங்கவில்லை, ஆளோடு வருவதை வாங்கினாள். அதில் ஏற்கெனவே இருந்த யாரோ ஒருவரின் குரல், செய்தி வாசிப்பதுபோலத் திருத்தமாகப் பேசியது. அந்தக் குரலில் அவன் தண்ணீர் என்றான், திருப்பு என்றான், வலி என்றான். தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் போர்வையைச் சரிசெய்தபடி, திட்டவாவது திட்டுடா என்று கெஞ்சினாள். அவன் கண் திரையில் வெகுநேரம் நகர்ந்தது. அவள் காத்திருந்தாள்.

"விளக்கை அணைக்கவும்," என்றது அந்தக் குரல்.

வெளியே நல்ல வெயில். விளக்கு எரியவே இல்லை. தன்னைப் போகச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றாள்.