அண்ணிக்குப் பிடித்த நிறம்

கல்யாணமான புதிதில் மாமியார் அவளுக்கு ஒரு பச்சைக் குடையைத் தந்தார். மரியாதைக்கு, "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லி வைத்தாள். அந்த ஒரு வார்த்தையைக் குடும்பமே கல்வெட்டில் பொறித்துவிட்டது. அதன்பின் வந்த பரிசெல்லாம் பச்சை. துண்டு, தலையணை உறை, பல் துலக்கும் பிரஷ்வரை. நாளடைவில் கடைகளில் அவள் கையே தானாகப் பச்சைப் பக்கம் போனது. சரி, பிடிக்கத்தான் செய்கிறது போலும் என்று அவளும் முடிவுகட்டினாள். வீட்டில் இத்தனை பேர் ஒரு மனதாகச் சொல்லும்போது, சம்பந்தப்பட்டவள் மட்டும் மறுப்பது அழகா?

மகன் வேலைக்காக வெளியூர் போனதும் அவன் அறை அவளுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கென்று வாய்த்த முதல் அறை. வண்ணம் அவள் இஷ்டம் என்று கணவர் பெருந்தன்மையோடு அறிவித்தார். அந்தச் சூட்டோடு நாத்தனார் பெயின்டரிடம், "அண்ணிக்குப் பச்சைதான்" என்று சொல்லியும் விட்டாள்.

பெயின்டர் சுவரில் இரண்டு பட்டை இழுத்தார்.

"இது இளம்பச்சை, இது கிளிப்பச்சை. எதும்மா?"

கண் மருத்துவமனை வேலையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஊரையே கேட்பவள் இரண்டு பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் பிடிக்கவில்லை. பின்னே எதுதான் பிடிக்கும்? ஆரஞ்சு என்று சொல்லப்போனாள். பச்சையைப் பழிவாங்க வந்த ஆரஞ்சு அது; அதிலும் நாத்தனாரின் கை இருந்தது. நீலம் கணவருடையது. மஞ்சள், அம்மா நல்லது என்று சொன்னது. தோண்டத் தோண்ட உள்ளே யார் யாரோ சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரியைத்தான் காணோம்.

"எதுவும் வேணாங்க. பெயின்டுக்கு முன்னாடி பூசின வெள்ளைப் பட்டியோட விட்டுடுங்க."

"வெறும் சுவராவா? பார்க்கிறவங்க என்னைத்தாம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும். எனக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சதும் கூப்பிடறேன்."

"உங்களுக்குப் பிடிச்சது உங்களுக்கே தெரியாதா?" பெயின்டர் தலையைச் சொறிந்துகொண்டே பச்சைக் கோடுகளைப் பட்டியால் மறைத்துவிட்டு ஏணியை மடக்கினார்.

சாயங்காலம் நாத்தனார் இடுப்பில் கைவைத்து அறை வாசலில் நின்றாள். இவள் சண்டைக்குத் தயாரானாள்.

"அட, வெள்ளை! நான் நினைச்சேன். அண்ணிக்கு எப்பவுமே எளிமைதான் பிடிக்கும்!"

அடுத்த நிமிடம் அந்தச் செய்தி போனில் சொந்தபந்தத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் முகம், எளிமையானவர்கள் சிரிக்கும் ஒரு சிரிப்பைச் சிரித்து முடித்திருந்தது.