எல்வின் பெரியப்பாவின் கோட்

போரில் இறந்தவர்களுக்காக நவம்பரில் வரும் நினைவு ஞாயிறன்று, போலாரம் சர்ச்சில் லோயிஸ் பெரியம்மாவுக்கு இரண்டு இடம் வேண்டும். ஒன்று அவருக்கு. மற்றது எல்வின் பெரியப்பாவின் கோட்டுக்கு. ராணுவத்தில் இருந்த பெரியப்பா எழுபத்தொன்றாம் வருடப் போரில் காணாமல் போனார். கோட் வீட்டில் இருந்ததால் தப்பித்தது.

கோட்டின் இடது மார்பில் இரண்டு பதக்கங்கள். வீரத்துக்குக் கொடுத்தவை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றியிருக்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், வகுப்பே ஹைடெக் சிட்டியில் வேலை வாங்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் நேரம் நிறைய இருந்தது. இன்டர்நெட்டில் தேடினேன். ஒன்று, போரின்போது பணியில் இருந்ததற்கு. இன்னொன்று, மேற்கு முனையில் இருந்ததற்கு. எங்கள் கல்லூரியில் இதை அட்டெண்டன்ஸ் என்போம்.

பெரியம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும்டா. போனதுக்குத்தான் குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் வருஷா வருஷம் பாலிஷ் போடுறீங்க?"

"அவர் வந்து மாட்டிக்கிறப்ப கறுத்திருந்தா நல்லாவா இருக்கும்?"

பதக்கம் வாங்கியவர் அதை இடது மார்பில் அணிவார். அவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் வலது மார்பில் குத்திக்கொள்ளலாம். சர்ச்சில் மற்ற விதவைகள் அப்படித்தான் வருவார்கள். பெரியப்பா இறந்ததாக முடிவுகட்டி அரசாங்கம் பென்ஷன் கொடுத்தது. பெரியம்மா பென்ஷனை வாங்கிக்கொண்டார், செய்தியை வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த 2007 ஜூனில், காணாமல்போனவர்களின் உறவினர்கள் சிலர் பாகிஸ்தான் சிறைகளுக்குத் தேடிப் போனார்கள். பெரியம்மாவுக்கு முட்டிவலி. பெரியப்பாவின் போட்டோவை ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். போட்டோ பத்திரமாகத் திரும்பி வந்தது.

நினைவு ஞாயிறு காலை ஸ்கூட்டரோடு போனேன். பெரியம்மா கண்ணாடி முன் நின்றிருந்தார். கையில் பதக்கங்கள். கோட் பீரோவுக்குள்.

"என் சேலையில குத்திவிடுடா."

பழக்கத்தில் அவர் இடது தோள் பக்கம் கையைக் கொண்டு போனேன்.

"அங்க நக்கோ, வேணாம். இந்தப் பக்கம்."

கையைப் பின்னுக்கு இழுத்தேன். "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமே, பெரியம்மா."

"கைக்குடா, எதுக்கு? உசுரோட இருக்கார்னு நான் நம்பினா அவர் ஏதோ ஜெயில்லதான இருக்கணும்? அறுபத்தாறு வயசு. இத்தனை வருஷமா நான்தான் அவரை உள்ள வச்சிருக்கேன்."

குத்தினேன். கனம் தாங்காமல் சேலை தொய்ந்தது. உள்ளங்கையால் அதைத் தாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

"மெதுவா போ," என்றார். "சர்ச் வந்ததும் எந்தப் பக்கம்னு எல்லாரும் பாப்பாங்க."