கேனில் வந்த கடல்

உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்து பங்கு, கடல் வழக்கமாகச் சொல்லும் அளவு. சுண்ணாம்புச் சத்தைத்தான் காணவில்லை.

சோதனைக்கூடத்தில் ஏலவார்குழலி மூன்றாவது தடவையாகச் சோதித்துப் பார்த்தாள். மேலேயிருந்த கண்ணாடிக் குழாயிலிருந்து நாலு சொட்டு விழுந்ததுமே குடுவையின் அரக்குச் சிவப்பு நீலமாகத் திரும்பிவிட்டது. நிஜக் கடல் தண்ணீர் அவ்வளவு சுலபமாக நிறம் மாறாது. சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டே இருக்கும். சாயக்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். நிறம் திரும்பும் கணத்தை அவள் கண் தவறவிட்டதில்லை.

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. கிழக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அங்கே இறால் குஞ்சு வளர்க்கும் பண்ணை ஒன்றுக்காக வாரம் ஒரு நாள் ஐந்து லிட்டர் கடல் தண்ணீரைக் கேனில் எடுத்து வருவது தேவசகாயத்தின் வேலை. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவளுடையது. சுண்ணாம்பு குறைந்தால் குஞ்சுகளுக்கு ஓடு பிடிக்காது. பண்ணைக்காரர் அந்த ஒரு எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

உப்பு இருக்கிறது, சுண்ணாம்பு இல்லை. அப்படி ஒரு தண்ணீர் எங்கே கிடைக்கும்? கடையில் விற்கிற கேன் தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்தால் கிடைக்கும்.

அந்த எண்ணம் வந்த பிறகு மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொண்டன. எப்போதும் ஒரு மணிக்கு வருபவர் இன்றைக்குப் பத்தரைக்கே வந்துவிட்டார். செருப்பில் ஒரு பொட்டு மணல் இல்லை. பேண்ட் முனை நனையவில்லை. கேட்டதற்கு, "மீன் வண்டிக்காரன் ஏத்திக்கினு வந்தான்மா, காலக் கழுவிட்டுத்தான் ஏறணும்னு ஒரே ரோதனை" என்றார். அப்போது சிரித்தாள். இப்போது அந்தப் பதில் முன்கூட்டியே தயார் செய்தது போலப் பட்டது.

சோதனைக்கூட உரிமையாளர் உமாபதியிடம் சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அதான் பார்த்தேன். ஆளு கொஞ்ச நாளா ஒரு மாதிரிதான் இருந்தான். சாயங்காலம் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம். நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

தேவசகாயம் வாசலில் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. மாகறல்காரர். அவர் அப்பா காலம் வரை ஊரார் வயலில் கூலி வேலை.

"அண்ணா, இன்னைக்கு நீங்க கடலுக்குப் போனீங்களா?"

அவர் தூக்கை மூடினார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். அந்தத் தாமதத்தையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"போவாம?"

"தண்ணி கடல் தண்ணி மாதிரி இல்ல."

"ஓ. அப்ப நான் ஊட்லயே உப்பு போட்டுக் கலக்கி எடுத்துக்கினு வந்துட்டேன். அப்டித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"வாயால சொல்லல." தோளில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "இது எங்க ஊட்டுக்காரி அன்னம்மாளுக்கு. காலு வீங்கிக்கினு கிடக்குது. கடத்தண்ணிய சூடு பண்ணி ஊத்துனா நல்லாருக்குன்றா. அதே எடம், அதே நேரம். இத்தையும் பாருங்க. மிச்சத்தக் குடுத்துடுங்க."

பொய்யென்றால் இவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு போவாரா என்று ஒரு மனம் கேட்டது. போவார் என்றது இன்னொன்று. அவள் ஐம்பது மில்லியை மட்டும் அளந்து எடுத்தாள்.

சொட்டு விழுந்தது. சிவப்பு அசையவில்லை. பத்து, இருபது, நாற்பது. குழாயில் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் நீலம் வந்தது. சந்தேகமே இல்லை. அது கடல்தான். பொய்யாகக் கலக்குவதென்றால் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும் என்பது தேவசகாயத்துக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஒரே கடல். ஒரே காலை. ஒன்று பாட்டிலில் வந்தது, மற்றொன்று கேனில்.

அவள் மெதுவாகத் திரும்பி மூலையில் இருந்த வெள்ளைக் கேனைப் பார்த்தாள். சோதனைக்கூடத்தின் கேன் போன வாரம் விரிசல் விட்டுவிட்டது. இது பிள்ளையார்பாளையத்தில் அண்ணனுடைய சாயப் பட்டறையிலிருந்து அவளே கொண்டுவந்து கொடுத்த கேன். மேலாகத் தெளிந்த தண்ணீரைத்தான் காலையில் எடுத்திருந்தாள். இப்போது சாய்த்துப் பார்த்தால் அடியில் சுண்ணாம்புக் குழம்பு போல வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. ஒரு சொட்டு அமிலம் விட்டாள். சீறிக்கொண்டு நுரைத்தது.

அண்ணி காவேரியை போனில் கூப்பிட்டாள்.

"அந்தக் கேன்ல என்ன அண்ணி வெச்சிருந்தீங்க?"

"பட்டுல பசை போறதுக்கு அவிக்கிற சோடா கரைச்சு வெச்சிருந்தது. காஞ்சு போயிருக்கும். ஏன், சாயம் கீயம் ஒட்டிக்கினு இருந்துதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாமா? சுத்தமாத்தானே இருந்துது!"

பட்டறையில் பிறந்த எல்லோருக்கும் சுத்தம் என்றால் அதுதான். நிறம் ஒட்டாத பாத்திரம் சுத்தமான பாத்திரம். அவளும் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு இல்லை, பச்சை இல்லை. அப்படியே கொடுத்துவிட்டாள். அடியில் காய்ந்து படிந்திருந்த சோடா, கடலின் சுண்ணாம்பையெல்லாம் பிடித்துக் கீழே இறக்கிவிட்டது. காரத்தை அளக்கும் கருவி பழுதுபார்க்கப் போகாமல் இருந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். ஆனால் கருவி இல்லாமலேயே ஒரு மனிதரின் செருப்பை அவள் சோதித்திருந்தாள். பேண்ட் முனையைச் சோதித்திருந்தாள். கேனைச் சோதிக்கத் தோன்றவில்லை. அது அவள் வீட்டுக் கேன்.

உமாபதியின் அறையில் அவள் நின்றுகொண்டே பேசினாள். தேவசகாயம் கதவருகில் இருந்தார்.

"தப்பு அவர்கிட்ட இல்ல சார். கேன்ல சோடா இருந்திருக்குது."

"அப்படியா? சரி, கேன் கோளாறுன்னு எழுதிடுங்க. நாளைக்கு வேற தண்ணி எடுத்துக்கலாம். விஷயம் முடிஞ்சுது."

அத்தோடு விட்டுவிடலாம். விட்டுவிட வசதியாகவும் இருந்தது. 

"கேன் எங்க வீட்டுது சார். கழுவாம குடுத்தது நான். அப்படியே எழுதுறேன். தேவசகாயம் அண்ணன வேலைய விட்டு அனுப்புறதப் பத்தி இனிமே பேச வேணாம்."

உமாபதி தோளைக் குலுக்கிவிட்டு வேறு காகிதத்தை எடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் பாட்டிலைத் தேவசகாயத்திடம் நீட்டினாள். மன்னிப்பாக ஏதோ சொல்ல நினைத்தாள். 

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். பையில் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்தார். லேசாகக் குலுக்கினார். மூடியைத் திறந்து மோந்தார்.

"இதுல நீங்க ஒண்ணும் ஊத்தலியேம்மா?"

"இல்லண்ணா. எடுத்ததோட சரி. சத்தியமா."

"இல்ல, அவ கால்ல வெடிப்பு இருக்குது. அதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார்.