சூடு காட்டாத பழம்

வளவனின் ஜூஸ் கடை போர்டில் 'சூடு படாத சாறு, சத்து குறையாத சாறு' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு எதைப் பச்சையாக அரைத்துக் கொடுத்தாலும் பிடிக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. பீட்ரூட், அருகம்புல், பாகற்காய் என்று எதையும் அடுப்பில் ஏற்ற மாட்டான். வருஷக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி, வாடிக்கையாளரைவிட அவனே அதை ஜாஸ்தியாக நம்பத் தொடங்கியிருந்தான். வியாபாரிக்கு வரக்கூடாத வியாதி அது.

அன்று காலை ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தபோது போனில் ஹெல்காவின் செய்தி வந்தது. குளிர்காலம் வந்தால் இங்கே வந்து தங்கி, தினமும் அவன் கடையில் ஜூஸ் குடிக்கும் ஜெர்மன்காரப் பெண்மணி. முந்தின நாள்தான் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார். 'நான் கொடுத்த பழத்தை நன்றாகக் கொதிக்க வைத்துதான் மகளுக்குக் கொடுக்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன். பச்சையாகச் சாப்பிட்டால் விஷம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

வளவன் பிழிந்துகொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே போட்டான். மகள் அபிநயாவுக்கான சாற்றை விடியற்காலையிலேயே அரைத்து வைத்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தான்.

ஒன்பது வயசுப் பெண். டைபாய்டு வந்து, மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்ததில் காய்ச்சல் போனது, கூடவே பசியும் போனது. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். அதைக் கேட்டுத்தான் ஹெல்கா போகிற நேரத்தில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். எல்டர்பெர்ரியாம். பார்க்க மணத்தக்காளி வற்றல் போல இருந்தது. மருந்து கெட்ட கிருமியோடு குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுமாம். இந்தப் பழத்தின் ஊதா நிறச் சத்து இரைப்பையில் முழுக்கக் கரையாமல் பெருங்குடல் வரைக்கும் போகுமாம். அங்கே மிச்சமிருக்கிற நல்ல கிருமிகள் அதைத் தின்று பெருகுமாம். வாசலில் டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மீதியைச் சொல்வதற்குள் அவர் ஏறிப் போய்விட்டார்.

வளவன் உலர்ந்த திராட்சையை ஊறப்போடுவதுபோல அதை இரவே ஊறப்போட்டான்.

"தெரியாத பழம். ஒரு கொதி வெச்சாவது குடுக்கலாமே" என்றாள் ஓவியா, அவன் மனைவி.

"சூடு பண்ணா சத்து போயிடும். ஜூஸ் போடறவன் நானா நீயா?" என்று எகிறினான். விதையும் காம்புமாக அரைத்து, தேன் கலந்து, பெரிய டம்ளர் நிறைய வைத்து, "ஒரு சொட்டு விடாம குடிக்கணும்" என்று உத்தரவும் போட்டுவிட்டு வந்திருந்தான்.

பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டான். எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். அதற்கும் பதில் இல்லை. விரல் ஓவியாவின் பெயருக்குப் போனது. நேத்தே சொன்னேனே என்பாள். அதைக் கேட்க இப்போது தெம்பில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வண்டியை முறுக்கினான். தன் வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் பஸ்ஸும் ஆட்டோவும் அடைத்துக்கொண்டு நின்றன. மலையைப் பார்த்து, "அண்ணாமலையாரே, புள்ளைய காப்பாத்து" என்று வாய்விட்டே வேண்டினான். வகுப்பில் மயங்கிக் கிடப்பாளோ, டீச்சர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாரோ என்று மனம் கண்டதையும் காட்டியது.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பியதும் அபிநயா துள்ளிக் குதித்துக்கொண்டு வகுப்பிலிருந்து வெளியே வந்தாள்.

"வாந்தி வருதாம்மா? வயிறு வலிக்குதா?"

"இல்லியே. இன்னாப்பா ஆச்சு?"

"காலைல அந்த ஜூஸ் குடிச்சியே..."

குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. "திட்டாதப்பா. வாயில வெச்சதும் துப்பிட்டேன். ஒரே கசப்பு. அம்மாதான் முழுசா குடிச்சிடுச்சு. அப்பா ஆசையா செஞ்சது, கீழ ஊத்தினா மனசு கஷ்டப்படும்னு சொல்லிச்சு. உன்கிட்ட சொல்ல வேணாம்னுச்சு."

வளவன் அவளை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினான். ஓவியாவுக்கு போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வந்த வழியே வண்டியைப் பறக்கவிட்டான். எந்தத் தெருமுனையைத் தாண்டிப் போனானோ, அதே இடத்தில் இப்போது திரும்பினான்.

கதவு தாழிடாமல் கிடந்தது. தையல் மெஷினில் பாதி தைத்த ரவிக்கை தொங்கியது. குளியலறை வாசலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ஓவியா. முகம் வெளுத்து, புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க. காலைல சாப்ட்டது ஒத்துக்கல" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தவள் அவன் மேலேயே சரிந்தாள்.

ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டரம்மா போனை வாங்கி ஹெல்காவின் செய்தியைப் படித்து, வளவன் சொன்னதையும் கேட்டுவிட்டு டிரிப்ஸ் ஏற்றினார். வெகுநேரம் கழித்துதான் அவர் முகம் தெளிந்தது.

"வாந்தியிலேயே நிறைய வெளிய வந்துடுச்சு. பயமில்ல. பெரியவங்களுக்கே இந்தப் பாடு, குழந்தை குடிச்சிருந்தா? அந்தம்மா குடலப் பத்தி சொன்னது கதை இல்ல, ஆராய்ச்சி நடக்குது. ஆனா வேக வெச்சாதான் அது பழம். அந்த ஊதாச் சத்து உங்க கடை பன்னீர் திராட்சையிலயே இருக்கு."

வளவன் கட்டிலருகே உட்கார்ந்தான். "இவ்ளோ வாந்தி எடுத்துட்டு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

ஓவியா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பண்ணா, பழத்த குறை சொல்றேன்னு கத்துவீங்க. சாயந்திரம் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

உயிர் போகிற நேரத்திலும் இவள் அவன் கோபத்துக்குத்தான் பயந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதான்.

அவள் அரைக்கண் திறந்து பார்த்தாள். "புள்ள சொல்லிடுச்சா?"

"ம்."

"அத திட்டாதீங்க. நான்தான் வாங்கிக் குடிச்சேன்" என்றாள்.