நீச்சல் விலக்கு

எங்கள் கல்லூரியில் பட்டம் வாங்க நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். அயோவாவில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற சின்னக் கல்லூரி. இந்தப் பக்கத்தில் ஒருவர் மூழ்க ஆசைப்பட்டால் கார் எடுத்துக்கொண்டு போய்த்தான் மூழ்க வேண்டும். ஆனாலும் விதி விதிதான். குளத்தின் ஆழமான முனையில் குதித்து, நடுவில் எதையும் பிடிக்காமல் மறுமுனை சேர வேண்டும். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கச் சொல்லித்தருகிற இடம் இது. இதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

வெண்டெல் ஹாகன் தத்துவ மாணவன். கடைசி வருடம் வரை நீச்சலைத் தள்ளிப்போட்டான், அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தான். பட்டமளிப்பு நெருங்கியதும்தான் என்னிடம் வந்தான். கல்லூரிச் செலவுக்காக நான் அந்தக் குளத்தில் லைஃப்கார்டாக வேலை பார்த்தேன். கழுத்தில் விசில், பக்கத்தில் நீளமான மீட்புக் கம்பு, மடியில் மானுடவியல் புத்தகம், இதுதான் என் உத்தியோகம்.

அவன் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அவன் அம்மாவின் தம்பி சின்ன வயதில் பண்ணைக் குட்டையில் மூழ்கிப் போனவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. பட்டமளிப்புக்கு வர அம்மா பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். நீச்சல் விஷயம் காதில் விழுந்ததும் போன் செய்தார்.

"அந்தப் பட்டமே வேணாம்ப்பா. நீ தண்ணில மட்டும் எறங்காத."

அவனுக்கோ பட்டமும் வேண்டும், அம்மாவும் அழக்கூடாது. அதனால் இரண்டு வழியிலும் முயன்றான். சாயங்காலம் என்னிடம் ஆழமில்லாத பக்கத்தில் கைகால் அடிக்கக் கற்றுக்கொண்டான். காலுக்குக் கீழே தரை இருக்கிறவரை நன்றாகவே நீந்தினான். தரை போனால் கல்லாகிவிடுவான். காலையில் விலக்குக் கேட்டு மனு எழுதினான். நீந்துவது என்றால் மூழ்காமல் இருப்பது, நான் பிறந்ததிலிருந்து மூழ்கியதே இல்லை, ஆகவே நான் பிறந்ததிலிருந்து நீந்துகிறேன் என்பது மனுவின் சாரம். மாமா மூழ்கிய கதையையும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆசிரியர் குழுவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எதையும் நேரில் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று குளத்துக்கே கிளம்பி வந்தார்கள். லத்தீன் கற்பிக்கும் பெல்லமி அம்மையார் தலைவர், கூடவே ஒரு பொருளாதாரக்காரர், ஒரு வேதியியல்காரர். குளக்கரையில் ஷூ போடக்கூடாது என்றேன். மூன்று பேரும் சாக்ஸோடு ஈரத்தில் நின்றார்கள்.

மூழ்காமல் இருப்பதும் நீந்துவதும் ஒன்றா என்று விவாதம் ஆரம்பித்தது. அப்படியானால் வாத்து பொம்மைக்கும் பட்டம் கொடுக்கலாமே என்றார் வேதியியல்காரர். கட்டணம் கட்டியிருந்தால் கொடுக்கலாம் என்றார் பொருளாதாரக்காரர். வெண்டெல் ஆழமான முனையில் நீச்சல் உடையில் நடுங்கிக்கொண்டு நின்றான். இவர்களுக்குப் படிப்பு ஜாஸ்தி, அதுதான் வினை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பொருளாதாரக்காரர் குரலைத் தாழ்த்தினார். குளத்துக் கூரைக்குக் கீழே தாழ்த்திய குரலும் நன்றாகவே கேட்கும்.

"பாவம், அந்த மாதிரிக் குடும்பம். இவனால ஆகாது. விட்டுடலாம்."

ரகசிய வாக்கெடுப்பு என்று பெல்லமி அம்மையார் அறிவித்தார். மூன்று பேரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்காதபடி ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வெண்டெல் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குதித்தான்.

உள்ளே போனவன் மேலே வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. நான் எழுந்து கம்பை எடுக்கும்போது மேலே வந்தான், தண்ணீரை அறைந்துகொண்டு. கம்பை நீட்டிக்கொண்டே கரையோரமாக நடந்தேன்.

"டேய், பிடிடா!"

கம்பைத் தட்டிவிட்டான். பிடித்தால் கணக்கில் சேராது என்று அவனுக்குத் தெரியும். நாய் மாதிரி நீந்தினான், பாதி குளத்தைக் குடித்தான், ஆனால் மறுமுனைச் சுவரைத் தொட்டான். அவன் மேலே ஏறி இருமிக்கொண்டிருந்தபோது மூவரும் திரும்பினார்கள்.

ஒருமனதாக விலக்கு அளிக்கப்பட்டது என்றார் பெல்லமி அம்மையார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"நான் நீந்திட்டேன் மேடம்," என்றான் வெண்டெல்.

"நாங்க பாக்கலையேப்பா."

சத்தம் கேட்டதாம், ஆனால் வாக்கெடுப்பு நடக்கும்போது திரும்பக் கூடாதாம். நான் பார்த்தேன் என்றேன். நான் குழு உறுப்பினர் இல்லையாம். விலக்கை ரத்து செய்யத் தனி மனு போட வேண்டுமாம், குழு இனி செப்டம்பரில்தான் கூடுமாம். மூவரும் அவன் ஈரக்கையைக் குலுக்கிவிட்டு ஷூவைத் தேடிப் போனார்கள்.

எப்படியும் பட்டம் கிடைத்துவிட்டதே என்றேன். துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசினான்.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? பாவம்னு விட்டுட்டாங்கன்னா?"

கம்பை எடுத்துச் சுவரோரம் சாத்தினேன்.

பட்டமளிப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் அம்மாவைக் குளத்துக்கு அழைத்து வந்தான். குளம் காலியாக இருந்தது. கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்த ஒல்லியான பெண்மணி. கதவைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். ஷூ போடக்கூடாது என்று வேறு வழியில்லாமல் சொன்னேன். குனிந்து கழற்றினார்.

வெண்டெல் ஆழமான முனையில் போய் நின்றான்.

"அந்தக் கம்பு எதுக்கும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவன் முழுகினா நீட்டுறதுக்கு."

"குடு."

காவல் பணியில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் குதித்தான். அவனோடு கூடவே கரையோரமாக வெறுங்காலில் நடந்தார், கம்பின் நுனியை அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தபடி. தண்ணீரைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அவன் மறுமுனையைத் தொட்ட பிறகும் கம்பைக் கீழே வைக்கவில்லை.

நான் திருப்பிக் கேட்கவும் இல்லை. விதியை மீறினேன் என்று யாருக்காவது குறை இருந்தால் செப்டம்பரில் மனு போட்டுக்கொள்ளலாம்.